ஊசி போட்ட பிறகு

கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் கொடுக்கப்படும் பெண்ணுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தசையில் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் செவிலியர் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். கால் துள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். 16க்குக் குறையக் கூடாது. கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்க்க வேண்டும். கடந்த 4 மணி நேரத்தில் குறைந்தது 100 மில்லியாவது சேர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த ஊசி போடக் கூடாது. எல்லாம் சேர்ந்து நான்கைந்து நிமிட வேலை. ரத்தப் பரிசோதனை வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். இந்த நான்கைந்து நிமிடமும் மருந்தின் ஒரு பகுதிதான், ஆம்ப்யூலுக்குள் இருக்கும் திரவத்தைப் போலவே. அதை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போடுகிறவர் அரை மருந்துதான் கொடுத்திருக்கிறார் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

இது ஏன் என்று புரிய மக்னீசியம் உடம்புக்குள் செய்வதைப் பார்க்க வேண்டும். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்துதான் தசைக்கு உத்தரவு போகிறது. மக்னீசியம் கூடினால் அந்தச் சுரப்பு குறைகிறது. வலிப்பைத் தடுக்க ரத்தத்தில் லிட்டருக்கு 4 முதல் 7 மில்லிஈக்விவலன்ட் வரை இருந்தால் போதும். 10ஐ நெருங்கும்போது முழங்கால் துள்ளல் நின்றுபோகும். 12ஐ எட்டினால் மூச்சை இழுக்கும் தசைகளே சோர்ந்து, மூச்சு நின்றுவிடலாம். அதாவது மூச்சு நிற்பதற்கு முன்பே கால் துள்ளுவது நிற்கிறது. 10க்கும் 12க்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான் செவிலியருக்குக் கிடைக்கும் அவகாசம். தட்டிப் பார்த்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். துள்ளல் இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்கலாம். மூச்சும் தளர்ந்திருந்தால் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதக் கரைசல் 10 மில்லி, மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றலாம். அதைக் கட்டில் அருகிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான் வந்தது.

சிறுநீர்ப் பைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மக்னீசியம் உடம்பைவிட்டு வெளியேற இருக்கும் ஒரே பெரிய வழி சிறுநீரகம். கர்ப்பகால ரத்த அழுத்த நோயோ சிறுநீரகத்தையே தாக்கக் கூடியது. ஆகவே ஒரே ஆம்ப்யூல், ஒரே அளவு, ஒரே எடையுள்ள இரண்டு பெண்கள் என்றாலும், ஒருவருக்கு அது சரியான மருந்தாகவும் இன்னொருவருக்கு நஞ்சாகவும் ஆகலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். எது அளவு என்பது ஆம்ப்யூலின் மேல் அச்சிடப்பட்டிருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் அங்கே இருக்கிறது. மீதியை நோயாளியின் சிறுநீரகம் தீர்மானிக்கிறது, அதுவும் மணிக்கு மணி மாற்றித் தீர்மானிக்கிறது. மருந்துச் சீட்டு எழுதும் நேரத்தில் எந்த மருத்துவராலும் அதை முழுமையாகக் கணித்துவிட முடியாது.

இந்தக் கவனிப்பின் வலிமைக்கு உலக அளவில் ஆதாரம் இருக்கிறது. மக்னீசியம், டயஸிபாம், ஃபெனிடாயின் ஆகிய மூன்றில் எது வலிப்பு மீண்டும் வராமல் காக்கும் என்று இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1995இல் வந்தது. டயஸிபாமோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேலாகவும், ஃபெனிடாயினோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கும் வலிப்பைக் குறைத்தது மக்னீசியம். அடுத்து 2002இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தது. அதில் வலிப்பு வந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 0.8 சதவீதம், பெறாதவர்களில் 1.9 சதவீதம். இந்த எண்களை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. மருந்து பெற்ற பெண்களுக்கு ரத்தத்தில் மக்னீசிய அளவைச் சோதிக்காமல், முழங்கால் துள்ளல், மூச்சு, சிறுநீர் ஆகியவற்றை மட்டும் கவனித்தே அது கொடுக்கப்பட்டது. ஆய்வகம் இல்லாத ஊரிலும் இந்த மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பைத் தந்தது கட்டில் அருகில் நின்று கவனித்த மனிதக் கண்.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டை இந்த மாநிலம் முன்னதாகவே செய்தது. 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் மரணம் 2018–20இல் 54 ஆகக் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரே மருந்துக்கோ ஒரே திட்டத்துக்கோ அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. ஆனால் ரத்த அழுத்தம் எகிறிய கர்ப்பிணிக்கு முதல் மக்னீசிய ஊசியைச் சிறிய மையத்தில் செவிலியரே போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிகிறது என்பது அந்தச் சங்கிலியின் முக்கியமான கண்ணி. பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்திலிருந்து 108 ஆம்புலன்ஸ் வண்டியில் சென்னையின் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கோ எழும்பூர் மருத்துவமனைக்கோ போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி வானகரத்தைத் தாண்டுவதற்குள் மருந்து தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் மூச்சை எண்ணுகிறவர் வண்டிக்குள் இருந்தாக வேண்டும். எத்தனை கிராம், எந்த வழியில், எத்தனை மணிக்கு என்று எழுதிய சீட்டும் கூடவே போக வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே டியூட்டியில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு முதல் அளவை இரண்டாம் முறை போட்டுவிடக் கூடும்.

இந்த உதாரணத்தை வானகரத்தை ஒட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வானகரம்–அம்பத்தூர் சாலையில் அயனம்பாக்கத்தில் ஒரு செவிலியர் கல்லூரி, தெற்கே போரூரில் ஒன்று, மேற்கே தண்டலத்தில் ஒன்று என்று சென்னையின் இந்த மேற்கு விளிம்பு ஆண்டுதோறும் ஏராளமான செவிலியர்களை உருவாக்கும் இடமாகிவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் மருந்தியலுக்கு மூன்றாம் பருவத்தில் 20 மணி நேரம், நான்காம் பருவத்தில் 60 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த 80 மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு எல்லாம் வந்தாக வேண்டும். அதனால் மருந்து ஒரு பட்டியலாகவே மனத்தில் பதிகிறது. கூடவே ‘ஐந்து சரிகள்’ வருகின்றன: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நல்ல விதிகள்தான், தலைமுறை தலைமுறையாக உயிர் காத்த விதிகள். ஆனால் அவை ஐந்தும் ஊசி தோலைத் தொடும் நொடியோடு முடிந்துவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். மருந்து வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பின்னால் வந்த பட்டியல்களில் ‘சரியான பதிவு’, ‘சரியான விளைவு’ என்று வால்போலச் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். என் கருத்தில் அந்த வால் தலையாக இருந்திருக்க வேண்டும்.

ஐந்தையும் சரிபார்த்தும் தவறு நுழைவது எப்படி என்பதற்கு இன்சுலினைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது மில்லிக்கு 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மங்கிய விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் எவ்வளவு தூரம் வேறுபடும்? பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட்டல்ல, 50 யூனிட். மாறாக 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் போவது 8 யூனிட். இழுத்தவர் தன் கண்ணால் 20 என்ற எண்ணைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். அவர் கணக்கில் ஐந்தும் சரி. அந்தத் தவறைக் கண்டுபிடிக்க மிச்சம் இருப்பது நோயாளியின் உடம்பு மட்டுமே: அளவு கூடியிருந்தால், சில மணி நேரத்துக்குள் வரும் வியர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. சாதாரண இன்சுலின் அரை மணியில் வேலை தொடங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும் என்பது தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. வார்டில் அது, எந்த நேரத்தில் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லும் கடிகாரம்.

அளவு சரியாகவே இருந்தாலும் இன்சுலின் ஏமாற்றும். காலை ஏழரைக்கு ஊசி போட்டாகிவிட்டது. ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் பத்தரைவரை தள்ளிப்போகிறது. தவறு செய்தவர் என்று விரல் நீட்ட அங்கே யாரும் இல்லை, ஆனாலும் லோ சுகர் வந்துவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவரின் வீட்டிலும் இதே கதைதான்: ஊசியின் நேரம் மாறாது, சாப்பாட்டின் நேரம் வாராவாரம் மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ புரோப்ரனலால் போன்ற மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் கை நடுக்கமும் வெளியே தெரியாது. அந்த மருந்து அவற்றை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. காரணம், வியர்வைச் சுரப்பிகளை ஏவும் நரம்பு வேறொரு வேதிப்பொருளில் இயங்குகிறது. ஆக, இரண்டு மருந்தும் வாங்கும் முதியவரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது வெறும் அன்பின் செயல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது மருந்தியலின் மிகத் துல்லியமான பயன்பாடு.

இங்கே ஒரு மறுப்பு வரும். கவனிப்பை மட்டுமே பேசிக்கொண்டிருந்து, தவறு செய்தவரைத் தண்டிக்காவிட்டால் கவனக்குறைவு பெருகாதா? 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிய, மிடஸோலாம் என்ற மருந்தை அதன் வணிகப் பெயரான ‘வெர்செட்’ என்று எழுதியிருந்தார்கள். செவிலியர் மருந்து அலமாரிக் கணினியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்தார். அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. அது தசைகளை முற்றாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து. போட்டுவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துத்தான் 75 வயதுப் பெண்மணி மூச்சில்லாமல் கிடப்பது தெரிந்தது. 2022இல் நீதிமன்றம் அந்தச் செவிலியரைக் குற்றவாளி என்றது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. உலகம் முழுக்க விவாதம் அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றியும், குப்பியின் மூடியில் இருந்த எச்சரிக்கையைப் பற்றியுமே நடந்தது. எனக்கு அந்த அரை மணி நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. சரியான மருந்தையே கொடுத்திருந்தாலும் மிடஸோலாமும் மூச்சைக் குறைக்கக் கூடியதுதான். அப்போதும் பக்கத்தில் ஒருவர் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் தவறான மருந்தும் சில நிமிடங்களில் கண்ணில் பட்டிருக்கும். செயற்கை மூச்சு கொடுத்துப் போராடவாவது நேரம் இருந்திருக்கும். தண்டனை ஒரு செவிலியரைக் குற்றவாளியாக்கியது. அந்த அரை மணி நேரத்தை அதனால் மூட முடியவில்லை. மேலும், தவறு செய்தால் சிறை என்று அஞ்சும் வார்டில் முதலில் மறைவது தவறைப் பற்றிய பேச்சு. அளவு கூடிவிட்டது என்று உடனே சொல்லத் துணியும் செவிலியர்தான் நோயாளியின் உயிரைக் காப்பாற்றக் கூடியவர்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பார்கோடு வைத்துச் சரிபார்க்கும் முறை வந்தபோது, 14,041 முறை மருந்து கொடுத்ததைக் கவனித்தார்கள். நேரம் தப்பியதைச் சேர்க்காமல் எண்ணிய தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. இதைப் பார்த்த பிறகும் பார்கோடு வேண்டாம் என்பவர் பிடிவாதக்காரர். ஆனால் 6.8 மிச்சம் இருக்கிறது, பார்கோடும் ஐந்து சரிகளைப் போலவே ஊசி போட்டவுடன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு கவனிக்கும் கருவிகளோ நாம் நினைக்கும் அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. மார்ஃபின் கொடுக்கப்பட்டவருக்கு முகமூடியில் ஆக்சிஜனும் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு நிமிடத்துக்கு எட்டாக இறங்கிய பிறகும் விரலில் மாட்டிய கருவி 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் குறையாது, கார்பன்டையாக்சைடு ஏறிக்கொண்டே போகும். அதற்கு முன்பே தென்படும் அறிகுறி உறக்கம்: கூப்பிட்டால் கண் திறந்து, பேச்சின் நடுவிலேயே மீண்டும் உறங்கிவிடுவது. அதைப் பார்க்கக் கூப்பிட்டுப் பேச வேண்டும். மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பல நாடுகளில் நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், மிக அலட்சியமாக எழுதப்படும் எண் மூச்சு எண்ணிக்கையே என்று கண்டிருக்கிறார்கள். கட்டிலுக்குக் கட்டில் 18 அல்லது 20 என்றே இருக்கும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: இதற்கெல்லாம் ஆள் எங்கே? நாற்பது கட்டில் வார்டில் இரவு டியூட்டிக்கு இரண்டு பேர் இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்வது அநியாயம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பொது வார்டுகள் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை உள்ளே போன எவரும் அறிவர். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் விவரங்களை அலசிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றது அது. சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்களைக் கவனித்த ஆய்வோ, மருந்து கொடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் நடுவில் யாராவது குறுக்கிட்டார்கள் என்றும், ஒவ்வொரு குறுக்கீட்டோடும் தவறு ஏறத்தாழ 12 சதவீதம் கூடியது என்றும் காட்டியது. ஆகவே ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை. அதற்கு இன்னொரு சாட்சியாகிறது. கவனிப்பு மருந்தின் பாதி என்று ஒப்புக்கொண்டால், செவிலியர் பணியிடத்தைக் காலியாக வைப்பதும் மருந்துக் கிடங்கைக் காலியாக வைப்பதும் ஒன்றுதான். மருந்து தீர்ந்துபோனால் செய்தியாகிறது. கவனிப்பு தீர்ந்துபோவது செய்தியாவதில்லை.

பணியிடங்கள் நிரம்பும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எல்லா மருந்துக்கும் ஒரே அளவு காவல் தேவைப்படாது. வைட்டமின் மாத்திரை வாங்கியவரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டாம். இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின் வகை வலிநிவாரணிகள், மக்னீசியம், பொட்டாசியம் குளோரைடு என்று ஆபத்து மிகுந்தவை ஒரு சிலவே; காவலை அங்கே குவிக்கலாம். செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல்களைப் பொது வார்டு அலமாரியில் மற்ற ஆம்ப்யூல்களோடு வைக்காமலே இருக்கலாம். அதை நீர்க்காமல் ரத்தக்குழாயில் போட்டுவிட்டால் இதயம் நின்றுவிடும், கவனிக்க நேரமே இருக்காது. இவை தவிர மருத்துவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதற்குச் செலவே இல்லை. இத்தகைய மருந்தை கேஸ் ஷீட்டில் எழுதும்போது, கீழே இன்னொரு வரி எழுத வேண்டும்: எதைக் கவனிக்க வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். டிகாக்சின் என்றால் நாடித்துடிப்பு 60க்குக் கீழே போனால் கொடுக்காதே, கூப்பிடு. அளவை எழுதுவது டாக்டர், நாங்கள் உத்தரவுப்படி போடுகிறவர்கள் என்று செவிலியர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு அந்த வரி இல்லாததே பெரிய காரணம். நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் இருந்தால், நள்ளிரவில் நாடி 52 என்று பார்க்கும் இளம் செவிலியர் தயங்க மாட்டார்.

எதிர்பாராத விளைவு எது கண்ணில் பட்டாலும் அதைப் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருத்துவர் மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. செவிலியர் எழுதலாம், நோயாளியும் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 180 3024. மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பிறகே தெரிவிக்க வேண்டும் என்பதும் இல்லை, சந்தேகம் போதும்.

நம் ஊர் வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர் ஒருவர் பெரும்பாலும் உண்டு. செவிலியரின் வேலையை அவர் தலையில் கட்டுவது தவறு. ஆனால் இரவு முழுவதும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அவருடையவை. நீங்கள் அந்த இடத்தில் இருக்க நேர்ந்தால், ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் சிஸ்டரிடம், “இந்த மருந்துக்கு நான் எதைக் கவனிக்கணும் சிஸ்டர்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் அடையாளம் தெரிந்தால், வியர்வையோ, எழுப்ப முடியாத உறக்கமோ, இளைத்த மூச்சோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காமல் உடனே எழுந்து போய்க் கூப்பிடுங்கள்.